ஐந்து பேர் நின்ற சுவர்

சுவரில் இருந்த அந்தியோகோவுக்கு நரைத்திருந்தது.

விசெந்தா பையைத் தரையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேட்டுத் தெரு ஏறி வருவதற்குள் முழங்கால் கெஞ்சத் தொடங்கிவிட்டது. கடலுக்கு அப்பால், டூரின் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்த கால்கள். நவம்பர் மாதத்துப் பத்து மணி வெயிலில் சூடு இல்லை. ஓக் விறகுப் புகையும், நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடையும், எங்கோ ஒரு வீட்டில் அவரைக்கொட்டை வேகும் மணமும் கலந்து வந்தன. தெருவின் இரு பக்கமும் சுவர் நெடுக வரைந்த ஆட்கள்: மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் மேய்ப்பர்கள், பட்டாளத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று கை உயர்த்தி நிற்கும் பெண்கள், கப்பலேறிப் போன மகன்களுக்காகக் காத்திருக்கும் கிழவர்கள், அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் மூன்று சகோதரிகள். கோடையில் இந்த செர்ராதூலி ஊருக்கு இவர்களைப் படம் பிடிக்கவென்றே வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். இப்போது தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

பழைய எண்ணெய் ஆலையின் பக்கச் சுவரில்தான் அந்த ஐந்து பேர். சுரங்க வாயிலிலிருந்து தெருவைப் பார்த்து நடந்து வருவது போல் பள்ளிக்கூட வாத்தியார் வரைந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி தலைவிளக்கு; முகங்களை மட்டும் அவரவர் கல்யாணப் போட்டோவைப் பார்த்துத் தீட்டினார். வலமிருந்து இரண்டாவது விசெந்தாவின் புருஷன். செத்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. அவளுக்கும் அதே வயதுதான்.

சுவர் ஈரத்தில் உப்புப் பூத்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். இருபத்தாறு மழைக்காலம் தாங்கிய சாயம் வெளுக்காமலா இருக்கும்? ஆனால் வெளுப்பு காதோரத்தில் மட்டும் இருந்தது. அவனுடைய அப்பாவுக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது. அவன் கண்ணின் நிறத்துக்காக வாத்தியார் மூன்று நாள் பச்சையும் பழுப்புமாகக் கலந்து கலந்து பார்த்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் நிறமே இல்லை, பாலாடை படிந்தது போலிருந்தது. தலைவிளக்கின் மஞ்சள் போய்க் கறுத்திருந்தது. சுவரின் இடது கோடியில் இன்னும் ஆலைக் கூரையின் நிழல் விழுந்து கிடந்ததால் மற்றவர்களைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"அந்தியோகோ" என்று வாய்விட்டுச் சொன்னாள். எத்தனையோ வருஷமாகச் சொல்லாத பெயர். தன் குரலே யாருடையதோ போலிருந்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"உள்ள வா" என்றாள் பொனாரியா. "அங்க நின்னு பேசாத."

பொனாரியா அந்தியோகோவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் பெற்றோரின் வீட்டிலேயே இருந்துவிட்டவள். அவள் சமையலறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. தெருப் பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. அதன் குறுக்கே இரண்டு பலகைகள் வைத்து ஆணி அறைந்திருந்தது. கதவைச் சாத்திய பிறகு இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டுக்கொண்டார்கள். பொனாரியாவின் கன்னம் காகிதம் போல் உலர்ந்திருந்தது. பஸ்ஸைப் பற்றி விசாரித்தாள், கடலில் ஆட்டம் இருந்ததா என்று விசாரித்தாள், காபிக் குடுவையை அடுப்பில் ஏற்றினாள். மொறமொறவென்ற மெல்லிய ரொட்டியை உடைத்து, ஆட்டுப்பால் கட்டியை நறுக்கித் தட்டில் வைத்தாள்.

"அந்தச் சுவத்துல யாரு கை வச்சது, அக்கா?"

"யாரும் வைக்கல."

"நரைச்சிருக்கு."

பொனாரியா காபியை ஊற்றி முடித்தாள். பிறகு, "ஆமா. ஆறு வருஷம் ஆச்சு" என்றாள். "அவனுக்குக் கம்மிதான். எனக்கு இந்த வயசுல முழுசா வெளுத்துப்போச்சு."

விசெந்தா கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

அவளை வரவழைத்தது ஊர் அலுவலகத்தின் கடிதம். ஆலைச் சுவர் மோசமாகிவிட்டது, மேலே பூசிவிட்டுப் புதிதாக வரையப் போகிறோம், இறந்தவர்களின் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான்கு குடும்பம் போட்டாகிவிட்டது. மீதி அவள்தான். தபாலிலேயே அனுப்பியிருக்கலாம். ஒருமுறை பார்த்துவிட்டுப் போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கப்பலில் வரும்போது முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்காக அவள் இதற்கு முன்பும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

சுரங்கத்தின் மூன்றாம் மட்டம் சரிந்தபோது உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு நாள் தட்டும் சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் நின்றுவிட்டது. எட்டாம் நாள், தோண்டிக்கொண்டு போனவர்களில் ஒருவன் கல் விழுந்து செத்தான். அவன் பெண்டாட்டி ஏழு மாத வயிற்றோடு வாயிலில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அதைப் பார்க்க முடியாமல் ஊரே தலையைக் குனிந்துகொண்டது. ஒன்பதாம் நாள், உள்ளே காற்றே கிடையாது, யாரும் உயிரோடு இருக்க வழியில்லை, இனி மேல்மட்டமும் இறங்கும் என்று இஞ்சினியர் சொன்னார். வாயிலை கான்கிரீட் ஊற்றி அடைக்கவேண்டும். குடும்பங்கள் சம்மதிக்கவேண்டும்.

அன்று விடியலில், காகிதம் வருவதற்கு முன், விசெந்தா தனியாகப் போய்த் தள்ளுவண்டித் தண்டவாளத்தின் மேல் காது வைத்துப் படுத்தாள். இரும்பின் குளிர் காதுக்குள் இறங்கியது. வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு கேட்டது. சட்டியின் அடியை யாரோ நகத்தால் சுரண்டுவது போல் ஒரு சத்தம். நின்றது. மறுபடி கேட்டது.

தண்ணீராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து வந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். விசெந்தா வாயைத் திறந்தால் இன்னும் நான்கு ஆம்பிளைகள் உள்ளே போவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. காகிதம் வந்ததும் போட்டாள். ஐந்து மாதம் கழித்து, சுவரில் சாயம் காய்ந்த வாரம், டூரினுக்குக் கப்பலேறினாள். பாதிரியாரிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொனாரியா படுத்துக்கொண்டாள். ஊர் முழுவதும் படுத்துக்கொண்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் தெருவில் இறங்கி வந்து, அடங்கி, அதற்கப்புறம் தூரத்து மேட்டில் ஆட்டு மணி மட்டும் கேட்டது. சிறிது நேரத்தில் அதுவும் நின்றது. இரண்டரை மணி வெயில் ஆலைச் சுவர் முழுவதும் விழுந்திருந்தது. நிழலே இல்லாத வெளிச்சம். விசெந்தா தெருவைக் கடந்து சுவருக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

முதலில் உறைத்தது வாடை. பழைய சுவருக்கு இருக்கும் பூசண வாடை இல்லை. ஈரமண், சுரங்க விளக்குக்குப் போடும் கார்பைட், பல நாள் குளிக்காத உடம்பு. சலவைக்கூடத்தில் எத்தனையோ பேரின் துணிகளை முகர்ந்தவள் அவள். உடம்பின் வாடை அவளுக்குத் தெரியும்.

நான்கு பேர் நின்றார்கள். மறுபடி எண்ணினாள். நான்குதான். எலும்பு துருத்திய கன்னம், நெஞ்சு வரை தாடி, கிழிந்து தொங்கும் துணி. வாத்தியார் வரைந்தபோது மண்வெட்டிப் பிடியைச் சுற்றிப் பிடித்திருந்த அந்தியோகோவின் விரல்கள் இப்போது வெறுமனே தொங்கின. நகங்கள் இல்லை. விரல் நுனிகளே இல்லை. மழுங்கிப்போயிருந்தன, தேய்ந்த பென்சில் போல்.

மற்றவர்களுக்கெல்லாம் கோட்டு இருந்தது. அவன் மட்டும் சட்டையோடு நின்றான்.

காலையில் அவன் முகம் நேராகத் தெருவைப் பார்த்து இருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இப்போது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் தெரியாதவர்கள் ஒரு குரல் வந்த திக்கில் காதைக் கொடுப்பார்களே, அப்படி. காலையில் அவள் பையை வைத்துவிட்டு நின்ற இடத்தை நோக்கி.

"என் வீட்டுக்காரரத் தேடுறியா?"

விசெந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் மிம்மியா நின்றுகொண்டிருந்தாள். கறுப்புச் சால்வை, கையில் ஒரு மடக்கு நாற்காலி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், ஜெசுயினோவைக் கட்டிக்கொண்டவள். அந்த ஐந்து பேரில் ஜெசுயினோ இடது கோடி.

"கீழ பாரு" என்றாள் மிம்மியா.

இடது கோடியில், நிற்பவர்களின் காலடியில், கறுப்பாக ஏதோ நீளவாக்கில் கிடந்தது. கல் என்று நினைத்திருந்தாள். துணி போர்த்திய ஆள்.

மிம்மியா நாற்காலியை விரித்து உட்கார்ந்து, மருமகளைப் பற்றிப் பேசுவது போன்ற சாதாரணக் குரலில் சொன்னாள். படம் மாறுவதை முதல் பதினைந்து வருஷம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது, அவள் தினமும் வந்து உட்காருகிறவள் ஆயிற்றே. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் அலுவலகத்துக்குப் போய், வாயிலை உடையுங்கள், அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றாள். அழுதாள். மேஜையைப் புரட்டிப் போட்டாள். தங்கை வீட்டுக்கு, கால்யரி நகரத்துக்கு, அனுப்பி வைத்தார்கள். டாக்டர், மாத்திரை, ஆறு மாதம்.

"திரும்பி வந்து பாத்தா படுத்திருக்காரு. நான் இங்க இருந்திருந்தா படுத்திருக்க மாட்டாருடி. தெனமும் பேசிக்கிட்டு இருந்தேனில்ல? திடீர்னு என் சத்தம் நின்னுபோச்சு. என்னானு நெனச்சிருப்பாரு?"

மிம்மியா கையை நீட்டிக் காலடியைக் காட்டினாள்.

"அந்தக் கோட்டப் பாரு. பக்கத்துல போய்ப் பாரு."

குனிந்து பார்த்தாள். வாத்தியார் எல்லாக் கோட்டுக்கும் மஞ்சள் புள்ளியாகப் பித்தளைப் பொத்தான் வைத்திருந்தார். போர்த்திக் கிடந்த கோட்டில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் தோலால் ஆனது. பழுப்புத் தோல். சிவப்பு நூலால் தைத்தது. சுரங்கம் சரிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வேறு நூல் கிடைக்காமல், அடுப்போரம் உட்கார்ந்து அவள் தைத்தது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் போட்டோ எதுவும் எடுத்ததில்லை. வாத்தியார் அதைப் பார்த்ததே இல்லை.

"உன் ஆளு போத்தி விட்டிருக்காரு" என்றாள் மிம்மியா. "குளுருல தன்னோடத கழட்டி. நான் உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

எழுந்து போகும்போது மிம்மியா, தான் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். இன்னும் எதைப் பார்க்க இருக்கிறது என்று கேட்டாள். நாற்காலியை மடக்கும் சத்தத்துக்குச் சுவரில் யாரும் தலையைத் திருப்பவில்லை. விசெந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நான்கு மணிக்கு ஊர் அலுவலகத்திலிருந்து ரைமொந்தோ வந்தான். சரிவுக்குப் பிறகு பிறந்தவன். கலகலப்பானவன். பெரிய பெண்களை அத்தை என்று கூப்பிடும் ஊர் வழக்கப்படி அவளை 'சியா' என்றான். டூரின்காரி ஆனபிறகு சியாவுக்கு நம்ம ஊர்ப் பேச்சு மறந்திருக்குமோ என்று பயந்தேன் என்றான். பொனாரியா கொடுத்த மிர்த்தோ மதுவை ஒரே மடக்கில் குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டான். வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துப் பயப்படுகிறார்களாம். புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகிறார்களாம். அதற்குப் பதிலாகத் திருவிழா நடனம் ஒன்று வரையலாம் என்று யோசனை. கொத்தனார்கள் நாளைக் காலையில் வெளியூரிலிருந்து வருகிறார்கள்.

"அந்தப் படம் மாறியிருக்கே, தம்பி. நீ பாத்தியா?"

"ஈரம், சியா. உள்ளேர்ந்து ஈரம் ஏறுது. சாயமெல்லாம் தின்னுடும்." அவன் காகிதத்தை மேஜையில் வைத்து, அதன் மேல் பேனாவையும் வைத்தான். "காலையில வாங்கிக்கிறேன். ஒண்ணும் அவசரமில்ல."

அவன் போவதை வாசலில் நின்று பார்த்தாள். ஆலைச் சுவரைத் தாண்டும் வரை வீடுகளின் பக்கமே ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான். தாண்டியதும் நடுத்தெருவுக்கு வந்தான்.

அந்தி சாயும்போது பனிமூட்டம் இறங்கியது. சமையலறையில் விறகு சீறிக்கொண்டு எரிந்தது. பொனாரியா சூப்பைக் கலக்கியபடி, முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். முன்பெல்லாம் அவர்கள் சுவரில் உள்ளே தள்ளி, சின்ன உருவமாக நின்றது உனக்கே ஞாபகம் இருக்கும் என்றாள். வருஷத்துக்கு வருஷம் முன்னால் வந்து, இப்போது ஆள் உயரம். போன குளிர்காலத்தில் ஒருநாள் இந்த ஜன்னலைத் திறந்தபோது நான்கு முகமும் ஜன்னலைப் பார்த்து இருந்தது. அவள் அப்போது பாடிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் பலகை அடித்தது. அதற்கப்புறம் அவள் பாடுவதில்லை.

"போட்டுடு, விசெந்தா" என்றாள். "நாம பாத்துக்கிட்டே இருக்கிறதாலதான் அவங்களால போக முடியல. மிம்மியா ஆறு மாசம் ஊர்ல இல்ல, ஜெசுயினோவுக்கு விடுதலை கெடைச்சுது. அவ வேற மாதிரி சொல்லுவா. நான் சொல்றதுதான் நெசம். என் தம்பி எத்தன வருஷம்தான் நிப்பான்?"

விசெந்தா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை.

விடியும்போது எழுந்து வெளியே போனாள். பனி மார்பளவுக்கு நின்றது. கோவில் மணி ஆறு அடித்து ஓய்ந்தது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்கியது. முதலில் கறுத்த விளக்குகள், பிறகு நெற்றிகள், பிறகு அந்த வெண்ணிறக் கண்கள். அவள் இவ்வளவு கிட்டே இதற்கு முன் நிற்கவில்லை. அவன் நெற்றிச் சுருக்கங்களைப் பார்த்தாள். கூடவே இருந்து பார்த்திருக்கவேண்டிய சுருக்கங்கள். தன் முகத்திலும் அதே இடங்களில் கோடு விழுந்திருக்கிறது என்று நினைத்தபோது முதல் முறையாக அழுகை வந்தது.

"நான்தான்" என்றாள். "அந்தியோகோ, எனக்குக் கேட்டுச்சு. தண்டவாளத்துல காது வச்சேன், நீ சுரண்டுறது கேட்டுச்சு. தண்ணின்னு நெனச்சுக்கிட்டேன். இல்ல... நெனச்சுக்கல. தெரிஞ்சுதான் போட்டேன்."

சுவரிலிருந்து குளிர் வந்துகொண்டிருந்தது. ஒரே சீராக. மூச்சு மாதிரி.

"அந்தப் புள்ளத்தாச்சி உக்காந்திருந்தா. அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல."

கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். ஒரு நொடிதான் பார்வை மறைந்திருக்கும். கையை எடுத்தபோது அவனுடைய வலது கை தொங்கவில்லை. மார்புக்கு நேராக உயர்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய, அவளை நோக்கி விரிந்திருந்தது. நுனியற்ற ஐந்து விரல்கள்.

அவள் அலறவில்லை. ஓடவும் இல்லை. ரயில் நிலையத்தில், கப்பல் துறையில், வாசற்படியில், விடைபெறுகிறவர்கள் காட்டும் கை அது என்றுதான் அவளுக்குப் பட்டது. போகச் சொல்கிறான். மன்னித்துவிட்டான், இனி விடு என்கிறான். வேறு எப்படி நினைக்க முடியும்? இருபத்தாறு வருஷமாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு கைதான். அதைத் தொடத் தன் கையை நீட்டி, தொடாமலே எடுத்துக்கொண்டாள்.

உள்ளே போய் விளக்கைப் போட்டு, காகிதத்தில் தன் முழுப் பெயரை எழுதினாள்.

ஒன்பது மணிக்குக் கொத்தனார்கள் வந்தார்கள். அப்பனும் மகனும் போன்ற இருவர், வேறு பக்கத்து ஆட்கள், ரேடியோவில் பாட்டு வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள். சுண்ணாம்பும் மணலும் குழைத்தார்கள். பொனாரியா ஜெபமாலையோடு வாசலில் நின்றாள். மிம்மியா வரவில்லை. ரைமொந்தோ காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தெருவின் அந்தப் பக்கம் நின்று சிகரெட் பிடித்தான்.

கீழிருந்து பூசிக்கொண்டு வந்தார்கள். முதலில் ஜெசுயினோ போனான், போர்த்திய கோட்டோடு. விசெந்தா சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவது போலத்தான் இருந்தது. பிறகு நான்கு பேரின் கால்கள். முழங்கால்கள். கரணை சுவரில் தேய்க்கும் சத்தம், வாளியில் தட்டும் சத்தம், ரேடியோ. இடுப்பு. நீட்டிய கை மறைந்தது. மார்பு.

கழுத்துக்கு வந்தபோது அவளுக்கு ஏதோ உறுத்தியது.

அந்தியோகோவின் தலை இப்போது சாய்ந்திருக்கவில்லை.

நிமிர்ந்திருந்தது. முகவாய் மேலே தூக்கியிருந்தது. கொத்தனார் குனிந்து சுண்ணாம்பு அள்ளி நிமிர்வதற்குள் இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஏறிக்கொண்டே வரும் வெள்ளத்தில் நிற்கிறவன், கடைசியாக மூக்கையும் வாயையும் மட்டும் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொள்ளப் பார்ப்பான். அப்படி. நான்கு பேரும் அப்படி.

அவன் வாய் திறந்திருந்தது.

அந்தக் கை விடைகொடுத்த கை இல்லை.

"நிறுத்துங்க" என்றாள். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

பெரிய கொத்தனார் திரும்பினார். கரணையில் சுண்ணாம்பு நிரம்பியிருந்தது. "ஏதாவது சொன்னீங்களா, சியா?"

ரேடியோவை யாரோ குறைத்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ரைமொந்தோ சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். அவன் கண்ணில் மேஜையைப் புரட்டிப் போட்ட மிம்மியா தெரிந்தாள், கால்யரிக்குப் போன வண்டி தெரிந்தது. பொனாரியா உதட்டசைவை நிறுத்தாமலே தலையை ஆட்டினாள். வேண்டாம். நிறுத்தி? என்ன சொல்வது? எதை உடைக்கச் சொல்வது? எத்தனை மீட்டர் கான்கிரீட்டை?

சுண்ணாம்பு கரணையின் ஓரத்திலிருந்து சொட்டியது.

"ஒண்ணுமில்ல" என்றாள் விசெந்தா.

கொத்தனார் திரும்பிக்கொண்டார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

பதினோரு மணிக்குள் முடிந்துவிட்டது. வாளிகளைக் குழாயடியில் கழுவிவிட்டு அவர்கள் சாப்பிடப் போனார்கள். ரைமொந்தோவும் போனான். பொனாரியா உள்ளே போய், ஆணி பிடுங்கும் கொறட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறக்க வேண்டுமாம். தெருவில் விசெந்தா மட்டும் நின்றாள். சுவர் முழுவதும் வெள்ளை. ஈரம் மின்னியது. வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல்.

வலமிருந்து இரண்டாவது இடத்தில், அவன் வாய் இருந்த உயரத்தில், ஈரச் சுண்ணாம்பு சிறிதாக உள்ளே குழிந்தது.

ஒரு நாணயம் அளவுக்கு.

வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது.

அவள் கிட்டே போனாள். குழிந்தது. உப்பியது. வேகமாக. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் ஒன்று. இன்னும் தள்ளி ஒன்று. நான்கு இடத்தில். குழிந்து, உப்பி, குழிந்து, உப்பி.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுவரின் ஓரங்களில் சுண்ணாம்பு காய்ந்து வெளிறத் தொடங்கியிருந்தது; அந்த வெளிறல் நான்கு பக்கத்திலிருந்தும் மெல்ல நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது.